எண்பத்தேழாவது வரி

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், பிள்ளை. நீங்கள் கேட்டு வந்ததை நான் சொல்ல மாட்டேன். அதற்காக வாசலில் நிற்க வேண்டியதில்லை. உள்ளே வந்து இருங்கள். அந்தக் கதிரையில் வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆட்டம். இதில் இருங்கள். ஈரச் சப்பாத்தை அந்தப் பழைய பத்திரிகையின் மேல் வையுங்கள்.

உங்களை எனக்குத் தெரியும். கதிர்காமநாதனின் மகள், நிவேதிகா. ஒன்பது நாள் பார்வையாளர் வரிசையில் இரண்டாவது ஆசனத்தில் இருந்தீர்கள். மற்ற இரண்டு நாளும் தாழ்வாரத்தில், தண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில், முழங்காலில் கைகளை வைத்தபடி இருந்தீர்கள். நான் உங்களைக் கடந்து உள்ளே போனேன். நீங்கள் எழுந்து நின்றீர்கள். எதற்காக எழுந்தீர்கள் என்று எனக்கு விளங்கவில்லை. வயதுக்கு மரியாதையாக இருக்கலாம்.

என் முகவரியை எவர் தந்தார் என்று கேட்கப்போவதில்லை. கோயிலில் கேட்டால் நாலு பேர் சொல்வார்கள். வாசலில் நின்று என்ன கேட்டீர்கள்? "ரீச்சர், அப்பாவுக்கு எதிரா அவையள் என்ன வைச்சிருக்கினம் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே?" தெரியும். அதைத் தெரியாது என்று சொன்னால் பொய். பொய் சொல்ல எனக்குப் பழக்கமில்லை. ஆனால் சொல்ல மாட்டேன். சத்தியம் செய்து கையெழுத்து வைத்திருக்கிறேன்.

இன்று செவ்வாய். உங்கள் தந்தையாரை நாடுகடத்தும் விமானம் வியாழக்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு. அது எனக்கும் தெரியும். தேநீரைக் குடியுங்கள்.

நான் எழுதுவதைப்போலவே பேசுகிறேன் என்று என் மாணவிகள் அந்தக் காலத்திலேயே கேலி செய்வார்கள். பத்தொன்பது ஆண்டு ஊரில் ஆங்கிலமும் தமிழும் படிப்பித்தேன். இங்கே வந்து இருபத்து மூன்று ஆண்டு உரைபெயர்ப்பாளர். இந்தத் தொழிலுக்கு நான்கு விதிகள். எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். எதையும் கூட்டக்கூடாது. எதையும் குறைக்கக்கூடாது. பேசுகிறவர் 'நான்' என்றால் உரைபெயர்ப்பவரும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். 'அவர் சொல்கிறார்' என்று சொன்னால் அது பிழை. அதனால் எழுபத்தெட்டு வயதில் நான் ஒன்பது நாள் ஐம்பத்தொன்பது வயது ஆணாகப் பேசினேன். 'என்னுடைய மனைவி இறந்து ஆறு வருடமாகிறது' என்றேன். 'எனக்கு ஒரே ஒரு மகள்' என்றேன். அப்போது நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் உங்களைப் பார்க்கவில்லை.

விதிகளை நான் மீறியதில்லை. அதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கேளுங்கள்.

அந்த விசேட நீதிமன்றம் எப்படி நடக்கும் என்பது ஒளிவுமறைவான விஷயமல்ல. சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. இந்த நாட்டுப் பிரஜையல்லாத ஒருவர் மேல் பயங்கரவாதச் சந்தேகம் விழுந்தால் அவரை அங்கே கொண்டுவருவார்கள். குற்றம் செய்தார் என்று நிரூபிக்கத் தேவையில்லை; சந்தேகம் நியாயமானது என்று காட்டினால் போதும். நீதிமன்றம் இரண்டு விதமாக அமரும். திறந்த அமர்வில் உங்கள் தந்தையாரும் அவருடைய சட்டத்தரணியும் இருப்பார்கள். மூடிய அமர்வில் அவர்கள் இருவரும் வெளியே போய்விட வேண்டும். ஆதாரம் அங்கேதான் காட்டப்படும். அவருக்காகப் பேச அரசே ஒரு விசேட சட்டத்தரணியை வைக்கும். அந்த மனிதர் ஆதாரத்தைப் பார்ப்பார்; பார்த்த நிமிடம் முதல் உங்கள் தந்தையாரோடு ஒரு சொல்லும் பேசக்கூடாது. 'இது உங்களுடையதா' என்றுகூடக் கேட்கக்கூடாது. கெட்டவர் அல்லர். சுத்தமான காலர், நல்ல உச்சரிப்பு.

மூடிய அமர்வுக்குள் போக அனுமதி பெற்ற தமிழ் உரைபெயர்ப்பாளர்கள் இந்த நாட்டில் இரண்டே பேர். மற்றவருக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை. ஆகவே நான் இரண்டிலும் இருந்தேன்.

திறந்த அமர்வில் உங்கள் தந்தையாருக்குக் கொடுக்கப்பட்டது ஒரே ஒரு வாக்கியம். நீங்களும் கேட்டீர்கள். 'மேற்படி நபர் தடைசெய்யப்பட்ட இயக்கம் ஒன்றின் சார்பில் பதிவேடு ஒன்றைப் பேணிவந்தார் என மதிப்பிடப்படுகிறது.' அவ்வளவுதான். நான் அதைத் தமிழில் சொன்னவுடன் அவர் என் பக்கம் திரும்பி, "எந்தப் பதிவேடு?" என்றார். என்னைக் கேட்கவில்லை, நீதிமன்றத்தைக் கேட்டார். நான் ஆங்கிலத்தில் கேட்டேன். அரசு தரப்புச் சட்டத்தரணி எழுந்து, 'அதற்குத் திறந்த அமர்வில் பதில் தர இயலாது' என்றார். நான் அதைத் தமிழில் சொன்னேன்.

ஒன்பது நாளில் பதினான்கு தடவை அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். எண்ணினேன். பதினான்கு தடவையும் ஒரே சொற்கள், ஒரே குரல். பதினான்கு தடவையும் சரியாக உரைபெயர்த்தேன்.

பிறகு அந்த இடாப்பு. உங்கள் தந்தையார் படிப்பிக்கிற சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் வரவு இடாப்பு. பதிவேடு என்றால் அதுவாகத்தான் இருக்கும் என்று உங்கள் தந்தையாரும் அவருடைய சட்டத்தரணியும் தீர்மானித்துவிட்டார்கள். வேறென்ன செய்வார்கள்? கையில் இருந்தது அதுதான். இரண்டு முழு நாள் அந்த இடாப்பைப் பக்கம் பக்கமாக விளக்கினார். யார் வந்தார், யார் வரவில்லை. மூன்றாம் வகுப்பில் நான்கு பிள்ளைகளுக்குக் கொப்புளிப்பான் வந்த கிழமை எது. நானும் கொப்புளிப்பான் அம்மைக்கு ஆங்கிலச் சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது அவர் சொன்னார், "ஐயா, இந்த இடாப்பில ஒரு பயங்கரமான ஆள் இருக்கிறதெண்டால் அது ரெண்டாம் வகுப்புச் சஞ்சீவன்தான். மூண்டு ரீச்சர்மார் அவனால வேலையை விட்டுப் போட்டினம்." நீதிபதி சிரித்தார். நீங்களும் சிரித்தீர்கள். அரசு தரப்பார் சிரிக்கவில்லை. ஆனால் எழுதவும் இல்லை. அவர்களுடைய பேனா இரண்டு நாளாக மேசையில் கிடந்ததை நான் கவனித்தேன். அந்த இடாப்பைப் பற்றி எவரும் எதுவும் நினைத்ததே இல்லை.

அவர்கள் பேனாவை எடுத்தது ஒரு தடவைதான். பத்தொன்பது ஆண்டு இங்கே இருந்தும் ஏன் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்கவில்லை என்று கேட்டார்கள். "நான் செத்தால் சாம்பல் ஊரில, கீரிமலையிலதான் கரைக்க வேணும். பிறகேன் எனக்கு இவையின்ர கடவுச்சீட்டு?" என்றார். கேள்விக்கு அது தேவையான பதிலே அல்ல. 'விண்ணப்பிக்கவில்லை, தாமதித்துவிட்டேன்' என்று நிறுத்தியிருக்கலாம். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும் பழக்கம் நம்மவர்களிடம் குறைவு. அதை எழுதிக்கொண்டார்கள்.

இல்லை, நான் அவரைக் குறை சொல்லவில்லை. உள்ளதைச் சொல்கிறேன்.

இனி நான் சொல்லப்போவது என் வீட்டு விஷயம். நீதிமன்றத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. என் வீட்டு விஷயத்தை நான் யாருக்கும் சொல்லலாம். அதற்கு எவரும் என்னிடம் கையெழுத்து வாங்கவில்லை.

என் கணவர் பெயர் இராசநாயகம். நில அளவைத் திணைக்களத்தில் இருந்தவர். எந்தச் சங்கத்திலும் சேர்ந்ததில்லை; பழைய மாணவர் சங்கத்தில்கூட. கூட்டம் என்றாலே தலையிடி வரும் அவருக்கு. ஐந்து ஆண்டுகளுக்கு முன் கணையத்தில் நோய் கண்டது. மருத்துவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு மூன்று மாதம் என்றார். வீட்டுக்கு வந்தோம். இவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. வானொலியைத் திருத்தினார். வீட்டுக்கு ஒரு வரைபடம் வரைந்து, எந்தத் திறப்பு எந்தப் பூட்டுக்கு என்று குறித்து வைத்தார். மூன்று மாதமும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். பொய் சொல்ல எனக்குப் பழக்கமில்லை என்றேனே.

செத்த பிறகு கல்வெட்டு எழுதுவிக்க வேண்டும் என்றார்கள் இவருடைய தங்கைமார். உங்களுக்கு நான் அதை விளக்கத் தேவையில்லை. நீங்கள் கல்வெட்டு எழுதுகிற வீட்டிலேயே வளர்ந்தவர். ஆனால் இந்த நாட்டு நீதிபதி ஒருவருக்கு விளக்குவதென்றால் இப்படி விளக்க வேண்டும்: எங்கள் ஊரில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் வருகிறவர்களுக்கு ஒரு சிறு புத்தகம் கொடுப்போம். அதில் இறந்தவரின் படம், பிறந்த ஊர், குடும்பம். இறந்த நாளைச் சொல்லும் வெண்பா. பிறகு மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், சகோதரர் புலம்பல் என்று ஒவ்வொருவர் வாயால் சொல்வதாக விருத்தங்கள். அவற்றை அவர்கள் எழுத மாட்டார்கள். எழுதத் தெரிந்த ஒருவர் அவர்களுக்காக எழுதுவார். நீதிபதிக்கு இப்படி எவரும் விளக்கவில்லை.

இந்த நகரத்தில் எழுதத் தெரிந்தவர் உங்கள் தந்தையார் ஒருவர்தான். இரண்டு தடவை தொலைபேசியில் பேசினோம். நேரில் கண்டதில்லை. "பொறுங்கோ அம்மா, பச்சைக் கொப்பியை எடுக்கிறன்," என்றார். பெயர், பிறந்த இடம், இறந்த நாள், இறந்த இடம். வெண்பா எத்தனை, விருத்தம் எத்தனை. எத்தனை பிரதி. எந்த நாள் வந்து எடுப்பீர்கள். ஒவ்வொன்றையும் எழுதிவிட்டுத் திருப்பி வாசித்துக் காட்டினார். வெண்பாவுக்கு 'வெ' என்றும் விருத்தத்துக்கு 'வி' என்றும் சுருக்கமாகப் போடுவதாகச் சொன்னார். முறையாக வேலை செய்கிற மனிதர் என்று நினைத்தேன். ஒரே ஒரு குறை. இவர் இறந்தது பன்னிரண்டாம் திகதி. அவர் பதின்மூன்று என்று எழுதி, பதின்மூன்று என்றே வாசித்தார். புத்தகத்தின் பிழைதிருத்தப் பிரதியில் அதைத் திருத்திவிட்டேன். கொப்பியில் அப்படியே இருந்திருக்கும்.

பிறகு கேட்டார், "மனைவி புலம்பலில என்ன வைக்க, அம்மா?" உண்மையை வையுங்கள் என்றேன். "அவருக்குத் தன்ர வருத்தம் என்ன நோயெண்டு தெரியுமோ?" அவர் கேட்கவில்லை என்றேன். "அப்ப நீங்கள் சொல்லேல்லை." கேட்கவில்லை என்றேன் மறுபடியும். "சரி அம்மா, சரி. நான் பார்த்து எழுதுறன்," என்றார்.

எழுதினார். எட்டு விருத்தத்தில் மூன்றாவது முழுவதும் அதுதான். நீர் கேளாதிருந்தீர், நான் கூறாதிருந்தேன், இருவருக்கும் நடுவில் ஒரு வானொலி மட்டும் பேசியது என்ற கருத்தில். வானொலியைப் பற்றி நான் சொன்னதாக நினைவில்லை, சொல்லியிருக்க வேண்டும். முப்பத்தொன்றன்று பெண்கள் அதை வாசித்து அழுதார்கள். நான் யாப்பைச் சரிபார்த்தேன். பிழையில்லை. அதனால் அப்படியே விட்டேன்.

உங்கள் தந்தையார் எல்லாருக்கும் எழுதினார். டாக்டர்மாருக்கு, கடைக்காரருக்கு. ஊரில் சண்டையில் இறந்த பிள்ளைகளுக்காகத் தாய்மார் இங்கிருந்து கேட்டாலும் எழுதினார். பிள்ளை எப்படி இறந்தது என்று கேட்க மாட்டாராம். தாய்க்கு எத்தனை பிள்ளை என்று மட்டும் கேட்பாராம். இதை அவரே தொலைபேசியில் சொன்னார். சொல்லியிருக்கத் தேவையில்லை.

அந்தக் கொப்பியா? ரயிலில் தொலைந்ததாக அப்பா சொன்னார் என்கிறீர்கள். சரி. அச்சகத்தில் விட்டுவிட்டு வருவதும் உண்டு என்கிறீர்கள். அதுவும் சரி. அந்த அச்சகத்தை நான்கு ஆண்டுகளுக்கு முன் வேறு ஏதோ வழக்குக்காகப் பொலிஸார் சோதித்துப் பெட்டி பெட்டியாக அள்ளிப்போனது பத்திரிகையில் வந்தது. பத்திரிகையில் வந்ததைச் சொல்லலாம்.

இருங்கள். எழும்ப வேண்டாம். நான் இன்னும் முடிக்கவில்லை.

மூடிய அமர்வில் என்ன பேசப்பட்டது என்று நான் சொல்லக்கூடாது. எந்த ஆவணம் காட்டப்பட்டது என்று சொல்லக்கூடாது. நான் அங்கே காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை இரண்டு நாள் இருந்தேன் என்று சொல்லலாம். வரவுப் புத்தகத்தில் இருக்கிறது. என் கணவரைப் பற்றிப் பேசவும் எனக்கு உரிமை உண்டு. ஆகவே இதைச் சொல்கிறேன்: என் கணவரின் பெயர் அந்த அறையில் வாசிக்கப்பட்டது. எண்பத்தேழாவதாக வாசிக்கப்பட்டது.

அவருக்கு முன்னால் எண்பத்தாறு பேர். பின்னால் ஐம்பத்தாறு பேர். எல்லாரும் இறந்தவர்கள்.

அது அப்பாவின் கொப்பிதான் என்று நீங்கள் சொன்னதற்கு நான் ஆம் என்று சொல்லவில்லை, பிள்ளை. தலையும் அசைக்கவில்லை. அதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

அந்த நூற்று நாற்பத்து மூன்று பேரில் எட்டுப் பேர் இயக்கத்தில் இருந்து இறந்தவர்கள் என்று அரசுக்கு முன்பே தெரிந்திருந்தது. மிச்சப் பேரும் அந்த வகைதான் என்று ஒரு அதிகாரி விளக்கினார். இளைஞர், பொறுமையானவர், தண்ணீர் கொண்டுவந்து தந்தார். இரண்டு எழுத்துகளும் எண்களும் இறந்தவரின் பதவியையும் பிரிவையும் குறிக்கும் என்றார். என் கணவருக்கு நான்கும் எட்டும். நடுத்தரப் பதவி என்றார். திணைக்களத்தில்கூட இவருக்குப் பதவி உயர்வு கிடைக்கவில்லை.

எவரும் என்னைப் பார்க்கவில்லை. என் பட்டச் சான்றிதழில் தந்தையாரின் பெயர்தான் இருக்கிறது. நீதிமன்றத்திலும் அந்தப் பெயரில்தான் பதிந்திருக்கிறேன். மங்கையர்க்கரசி வைத்திலிங்கம். பொய்யல்ல, என் பெயர்தான்.

எனக்கு எப்படி இருந்தது என்று கேட்கிறீர்கள். ஒன்றும் இல்லை. அமர்வுக்கு முன்பே, பூட்டிய அறை ஒன்றில் இரண்டு கிழமை இருந்து அந்த வரிகளை மொழிபெயர்த்தவளே நான்தான். எண்பத்தாறாவது வரியை முடித்தேன். எண்பத்தேழாவது வரிக்கு வந்தேன். திகதி ஒரு நாள் பிழை. மூலத்தில் உள்ளபடியே விட்டேன்; திருத்துவது என் வேலையல்ல. 'வெ' என்ற எழுத்தை அந்த எழுத்தாகவே எழுதினேன். மூலத்தில் சுருக்கமாக இருப்பதை விரித்து எழுதக்கூடாது என்று எங்கள் கைநூலில் இருக்கிறது, பதினாறாம் பக்கம். தண்ணீர் குடித்தேன். எண்பத்தெட்டாவது வரிக்குப் போனேன்.

அந்த விசேட சட்டத்தரணி என்னிடம் கேள்வி கேட்டார். உங்கள் தந்தையாருக்காக அந்த அறையில் பேசக்கூடியவர் அவர் ஒருவர்தான். எழுந்து நின்றார். 'மொழிபெயர்ப்பு முழுமையானதா?' என்றார். முழுமையானது. 'இந்த இரண்டு எழுத்துகளும் சரியாகப் பெயர்க்கப்பட்டுள்ளனவா?' சரியாகப் பெயர்க்கப்பட்டுள்ளன. அடுத்த கேள்வி வரும் என்று நின்றேன். அவர் தாளைப் பார்த்தார். பேனாவின் மூடியைக் கழற்றினார். மறுபடி மூடினார். 'நன்றி' என்று சொல்லி இருந்துவிட்டார்.

'இவை எதைக் குறிக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா?' ஒரு கேள்வி. அதைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். சத்தியமாகச் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை.

என்ன சொன்னீர்கள்? மெதுவாகச் சொன்னாலும் எனக்குக் கேட்கும், காதில் குறையில்லை. என்னைக் கல்லு என்றீர்கள். சரி.

இரண்டாம் நாள் நடந்ததையும் இப்போது சொல்லிவிடுகிறேன். அது திறந்த அமர்வு, நீங்கள் இருந்தீர்கள், ஆனால் விளங்கியிராது. உங்கள் தந்தையார் பதில் சொல்லிக்கொண்டிருந்தவர் இடையில் நிறுத்தி என்னைப் பார்த்து, "அம்மா, உங்கட குரல் எனக்குத் தெரிஞ்ச குரல்," என்றார். பேசப்பட்ட எல்லாவற்றையும் உரைபெயர்க்க வேண்டும். 'அம்மா, உங்களுடைய குரல் எனக்குத் தெரிந்த குரல்' என்று நீதிமன்றத்துக்குச் சொன்னேன். நீதிபதி நிமிர்ந்தார். 'மனுதாரருக்கு உரைபெயர்ப்பாளரை முன்பே தெரியுமா?' என்று கேட்டார். அவரைக் கேட்டார். நான் அதைத் தமிழில் அவரிடம் கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது, பிள்ளை. யார் என்றும் தெரிந்துவிட்டது. மனைவி புலம்பல் எழுதியவர் அல்லவா. ஆம் என்று சொன்னால் என்னை அந்த இடத்திலேயே எழுப்பி அனுப்புவார்கள், என் அனுமதியும் போகும் என்று நினைத்திருப்பார். "இல்லை ஐயா. வயசு போன ஊர்ப் பொம்பிளையளின்ர குரல் எல்லாம் ஒரே மாதிரித்தான்," என்றார். சிலர் சிரித்தார்கள். நான் அதையும் உரைபெயர்த்தேன். 'இல்லை' என்றேன். விதிப்படி அவருடைய இடத்தில் நின்று, ஆங்கிலத்தில் அந்த 'இல்லை'யைச் சொன்னது நான்.

கேள்வி அவரிடம் கேட்கப்பட்டது. என்னிடம் கேட்கப்படவில்லை.

பதிவுப் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: எந்தத் தரப்பினரோடும் உறவோ பழக்கமோ உண்டா? இல்லை என்று எழுதினேன். இரண்டு தொலைபேசி அழைப்பு பழக்கம் ஆகுமா? அன்று ஆகாது என்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். பெரும்பாலும்.

தீர்ப்பு வந்து மூன்று கிழமை. 'மூடிய அமர்வில் கண்ட காரணங்களால்' என்று ஒரு வரி. அதையும் அவருக்கு நான்தான் வாசித்தேன். பதினான்காவது தடவை கேட்டது அப்போதுதான். அதைக் கேட்டுவிட்டு, காவலர் வருமுன், "களைச்சுப் போனியள் அம்மா. போய்ச் சாப்பிடுங்கோ," என்றார். அது நீதிமன்றம் எழுந்த பிறகு சொன்னது. ஆகவே உரைபெயர்க்கவில்லை. பேசியதில் நான் உரைபெயர்க்காமல் விட்டது அது ஒன்றுதான்.

அந்தத் தேநீர் ஆறிவிட்டது. வேறு போட நேரமில்லை, சொல்கிறேன், கேளுங்கள்.

மேசையில் இருக்கிற அந்தப் புத்தகத்தை எடுங்கள். ஆம், என் கணவரின் கல்வெட்டு. அது ஏன் அலுமாரியில் இல்லாமல் மேசையில் இருக்கிறது என்று கேட்காதீர்கள். மூன்று கிழமையாக அங்கேதான் இருக்கிறது. உள்ளே ஒரு துண்டுத் தாள் இருக்கும். பிழைதிருத்தப் பிரதியோடு உங்கள் தந்தையார் வைத்து அனுப்பியது. சத்தமாக வாசியுங்கள்.

'கொப்பியில் 87. இராசநாயகம். மானிப்பாய். 13ஆம் திகதி. வெ 4, வி 8. 200. சனி. அம்மா, கொப்பியில் எழுதினதை அப்படியே தந்திருக்கிறேன், சரிதானோ என்று பாருங்கோ.'

இப்போது புத்தகத்தைப் பிரித்து எண்ணிப் பாருங்கள். வெண்பா நான்கு. விருத்தம் எட்டு. பின் அட்டையில் இருநூறு பிரதி என்று அச்சடித்திருக்கிறது. திகதி மட்டும் புத்தகத்தில் பன்னிரண்டு, நான் திருத்தியது. துண்டில் பதின்மூன்று. வேறெங்காவது, எவரேனும், அதே பெயருக்குப் பக்கத்தில் அதே பிழையான பதின்மூன்றைக் கண்டால், அது எந்தக் கொப்பி என்று சட்டத்தரணி எவருக்கும் விளங்கும். எனக்கு விளங்க வேண்டியதில்லை.

இது எனக்கு வந்த சொந்தக் கடிதம். இதில் எந்த அரசும் முத்திரை குத்தவில்லை. என் வீட்டுப் புத்தகத்தை வாசிக்க வந்தவருக்குக் கொடுப்பது குற்றமல்ல. எண்பத்தேழு என்ற எண்ணை நான் வாயால் சொன்னது குற்றம். அதை நன்றாகத் தெரிந்துகொண்டுதான் சொன்னேன். எவர் சொன்னார் என்று நீதிபதி கேட்பார். என் பெயரைச் சொல்லுங்கள். இரண்டு பெயரையும் சொல்லுங்கள், தந்தையாருடையதும் கணவருடையதும். என்னைக் கூப்பிட்டுக் கேட்டால் பதில் சொல்வேன். கேட்டால் நான் எப்போதும் பதில் சொல்வேன்.

அழ வேண்டாம். தாள் நனையும். உறையில் போடுங்கள், அதோ பெரிய உறை. மூன்றாவது விருத்தத்தை இப்போது வாசிக்க வேண்டாம், அதற்கு நேரமில்லை. புத்தகம் திரும்பி வர வேண்டும். என்னிடம் இருப்பது அது ஒரு பிரதிதான்.

உங்கள் சட்டத்தரணியின் அலுவலகம் ஐந்தரைக்குப் பூட்டும். அவசர மனுவை நாளை நண்பகல்வரைதான் ஏற்பார்கள். அவரிடம் நீங்கள் கதை சொல்ல வேண்டாம். துண்டை வையுங்கள், புத்தகத்தை வையுங்கள், எண்ணைச் சொல்லுங்கள். வெண்பாவையும் விருத்தத்தையும் அவரையே எண்ணிப் பார்க்கச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள்.

இன்னொன்று. வியாழக்கிழமை காலை விமான நிலையத்தில் நாடுகடத்தல் ஆணையை உங்கள் தந்தையாருக்குத் தமிழில் வாசித்துக்காட்ட ஒருவர் வேண்டும். என்னைத்தான் கேட்டார்கள். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். மற்றவருக்கு முழங்கால் இன்னும் ஆறவில்லை. ஆறு மணிக்கு வாகனம் வரும். நான் வாசிப்பேன். அவர் பதினைந்தாவது தடவையாகக் கேட்பார். நான் அதை ஆங்கிலத்தில் சொல்வேன். அங்கே பதில் சொல்லக் கடமைப்பட்டவர் எவரும் இருக்க மாட்டார்கள். இரண்டு காவலர்களும் நானும்தான் இருப்போம்.

சப்பாத்து காய்ந்திருக்கும். படியில் கவனம், மூன்றாவது படி வழுக்கும். ரயில் நான்கு பத்துக்கு. கொஞ்சம் வேகமாக நடவுங்கள், பிள்ளை. நீங்கள் அதைப் பிடித்தால் வியாழக்கிழமை நான் போக வேண்டியிருக்காது.